கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

சிறுதொழில் நடத்துகிறவர்கள் வலைத்தளம் தொடங்கியதும் முதல் மூன்று கட்டுரைகளைச் சிரமமின்றி எழுதிவிடுவார்கள். எங்களைப் பற்றி, எங்கள் சேவைகள், எங்களிடம் ஏன் வரவேண்டும். நான்காவதில் கை நின்றுவிடும். பிறகு புத்தாண்டு வாழ்த்து ஒன்று, புதிய அலுவலகத்தின் படம் ஒன்று. அதோடு சரி, ஆறு மாதத்துக்குத் தளத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது.

'எழுத விஷயம் இல்லை' என்று அவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. காலையிலிருந்து இரவு வரை வாய் வலிக்க விஷயம் பேசுகிறவர்கள் அவர்கள்தாம். பேசியது காற்றோடு போகிறது, அவ்வளவுதான்.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சகத்தின் வலைப்பதிவுக்கு எழுத ஒப்புக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து, தேடல் சொற்களைத் திரட்டித் தரும் மென்பொருள் ஒன்றின் தயவில் ஐம்பது தலைப்புகளை அடுக்கிக்கொண்டு போனேன். உரிமையாளர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யார் கேட்டார்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் முன்மேசையில் ஒருவர், "போனில் பளிச்சென்று இருந்த நீலம் தாளில் ஏன் இப்படிச் செத்துப்போய் இருக்கிறது?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஊழியர் அலுக்காமல் விளக்கினார். திரையில் தெரிவது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. தாளில் விழுவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளின் கலவை. ஒளியில் கிடைக்கும் சில நிறங்கள் மையில் கிடைக்கவே கிடைக்காது. இப்படி எத்தனை பேர் கேட்பார்கள் என்று அவரிடம் விசாரித்தேன். "தினமும் ஒருவராவது" என்றார்.

என் ஐம்பது தலைப்புகளில் அது இல்லை. வாடிக்கையாளர் கேட்பதிலிருந்தே கட்டுரைக்கான விஷயத்தை எடுக்கும் வழியை ஆறு படிகளாகச் சொல்கிறேன்.

முதல் படி: கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள்

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். கடை இல்லாத தொழில் என்றால் தொலைபேசிக்குப் பக்கத்தில். இரண்டு வாரத்துக்கு, யார் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இரண்டு சிறு குறிப்புகள் போதும்: வாங்குவதற்கு முன் கேட்டாரா பின் கேட்டாரா என்பது ஒன்று, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பது இன்னொன்று. அதே கேள்வி மறுபடி வந்தால் புதிதாக எழுத வேண்டாம், பழைய வரியில் ஒரு கோடு போடுங்கள். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வந்தவற்றை வார முடிவில் உட்கார்ந்து பொறுக்கிச் சேர்க்கலாம். அந்த இடங்களில் கேள்வி ஏற்கனவே எழுத்தில் இருப்பதால் வேலை பாதி.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். கேள்வியைத் திருத்தாதீர்கள். வாடிக்கையாளர் ஒரு மாதிரி சொல்வார், உங்கள் கை அதைத் தொழில்மொழிக்கு மாற்றி எழுதப் பார்க்கும். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர், "புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தரை மேலே எழும்பி வருகிற மாதிரி இருக்கிறது" என்பார். கடைக்காரர் நோட்டில் 'புரோகிரெஸிவ் லென்ஸ், பழகவில்லை' என்று எழுதுவார். இரண்டாவது வரி கடைக்காரருக்குப் புரியும். முதல் வரிதான் இரவு பதினொரு மணிக்குப் பயந்துபோய்த் தேடுகிறவர் தட்டச்சு செய்யும் வரி. கட்டுரையின் தலைப்பும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஊழியர்கள் இருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். முதலாளியிடம் கேட்கக் கூச்சப்படுவதை ஊழியரிடம் கேட்பார்கள்.

இரண்டாம் படி: ஒரு கேள்வியைப் பிரித்துப் பாருங்கள்

கையில் முப்பது கேள்விகள் சேர்ந்ததும் முப்பது கட்டுரைகள் என்று கணக்குப் போடாதீர்கள். சில கேள்விகளுக்கு இரண்டு வரி பதில் போதும். அவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் தொகுத்துவிடலாம். சில கேள்விகள் அப்படியல்ல, உள்ளே இழுத்துக்கொண்டே போகும். தரை எழும்பி வருகிற கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

புரோகிரெஸிவ் லென்ஸில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிப்பதற்கு, நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட பார்வை. ஓரங்களில் உருவம் சற்று வளைந்து தெரியும். கீழே குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தித் தரையைப் பார்த்தால், படிப்பதற்கான பகுதி வழியாகத் தரையைப் பார்க்கிறோம். அதனால்தான் தரை எழும்புகிறது. இது முதல் கட்டுரை: ஏன் அப்படித் தெரிகிறது.

விளக்கம் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார்? "இது எத்தனை நாளில் சரியாகும்?" பெரும்பாலானோருக்குச் சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை என்ன செய்வது? பக்கவாட்டில் பார்க்கும்போது கண்ணை மட்டும் திருப்பாமல் தலையைத் திருப்புவது. படி இறங்கும்போது மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பார்ப்பது. பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடாமல் இருப்பது. இது இரண்டாவது கட்டுரை. நான்கு படங்களோடு போட்டால் கடையிலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம்.

"இரண்டு வாரம் தாண்டியும் தலைவலி போகவில்லையே?" அப்போது பழக்கத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பவர் தவறாக இருக்கலாம், இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைத் தவறாக அளந்திருக்கலாம், பிரேம் மூக்கில் சறுக்கி இறங்கியிருக்கலாம். எப்போது திரும்பி வரவேண்டும், வரும்போது எதை எடுத்து வரவேண்டும் என்பது மூன்றாவது.

நான்காவது ஒன்று இருக்கிறது. அதை எழுத எந்தக் கடைக்காரரும் தயங்குவார்: இந்த லென்ஸ் யாருக்குத் தேவையில்லை? தூரப்பார்வை நன்றாக இருந்து, மேசையில் உட்கார்ந்து படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும் என்பவருக்குச் சாதாரணப் படிப்புக் கண்ணாடியே போதும். இதை வெளிப்படையாக எழுதுகிற கடையை நான் நம்புவேன்.

ஒரே ஒரு முனகலிலிருந்து நான்கு கட்டுரைகள். நான்குமே அந்தக் கடைக்காரருக்கு ஏற்கனவே தெரிந்தவை. கேள்வியைப் பிரிக்கும் வழி இதுதான்: பதிலைச் சொல்லுங்கள், எதிரே இருப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்று காது கொடுங்கள், அந்த அடுத்த கேள்விக்குத் தனிக் கட்டுரை தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் முதல் கட்டுரைக்குள்ளேயே ஒரு பத்தியாக வைத்துவிடுங்கள். புதிதாக எழுத வருகிறவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர்மாறானது. 'கண்ணாடி பற்றிய முழு விவரம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, அடுத்த மாதம் எழுத ஒன்றும் மிச்சமிருப்பதும் இல்லை.

மூன்றாம் படி: நீங்கள் மழுப்புகிற கேள்விகளைத் தனியே எடுங்கள்

நோட்டில் சில கேள்விகளுக்குப் பக்கத்தில் உங்கள் பதில் இப்படி இருக்கும்: 'நேரில் வாருங்கள், பேசிக்கொள்வோம்.' அந்தக் கேள்விகளுக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். விலை, குறைபாடுகள், மற்றவர்களோடு ஒப்பீடு ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வந்து நிற்கும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளம் அமைத்துக் கொடுத்துவந்த ரிவர் பூல்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2008-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவில் மூழ்கும் நிலைக்கு வந்தது. அதன் பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன் 2009-இல் ஒரு காரியம் செய்தார். வாடிக்கையாளர்கள் அதுவரை கேட்ட கேள்விகளை எல்லாம் எடுத்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் தளத்தில் நேர்மையாகப் பதில் எழுதத் தொடங்கினார். குளத்துக்கு எவ்வளவு செலவாகும்? ஃபைபர்கிளாஸில் என்னென்ன சிக்கல் வரும்? கான்கிரீட் குளத்தோடு ஒப்பிட்டால் எப்படி? போட்டி நிறுவனங்களைப் பற்றிக்கூட எழுதினார். துறையில் மற்றவர்கள் வாய் திறக்காத விஷயங்கள் அவை. தேடுகிறவர்களுக்கு வேறு எங்கும் பதில் கிடைக்காததால் அவர் தளத்துக்கு வந்தார்கள். நிறுவனம் பிழைத்துக்கொண்டது.

விலையை எழுதுவது என்றால் விலைப்பட்டியலை ஒட்டுவது என்று பொருளல்ல. ஒரு வேலையின் செலவை எது ஏற்றும், எது இறக்கும் என்று சொல்லுங்கள். மரவேலை செய்கிறவர் என்றால், மரத்தின் வகை, அளவு, இணைப்பு முறை, மெருகு, பொருத்துகிற இடத்தின் நிலை என்று ஒவ்வொன்றும் செலவை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை எழுதலாம். அதைப் படித்துவிட்டு வருகிறவர் பேரம் பேசுவதற்கு முன் தனக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வருவார். உங்களுக்கும் நேரம் மிச்சம்.

"போட்டியாளர் பார்த்துவிடுவாரே" என்று பயப்படுவார்கள். அவருக்கு உங்கள் விலை ஏற்கனவே தெரியும். தெரியாமல் இருப்பவர் வாடிக்கையாளர் மட்டும்தான்.

நான்காம் படி: பட்டறைக்குள் போங்கள்

வாடிக்கையாளர் கேட்காத விஷயங்களும் உண்டு; கேட்கத் தெரியாததால் கேட்காதவை. அவை பழுதுபார்ப்பவரிடமும் திருப்பி அனுப்பப்பட்ட பொருட்கள் வைத்திருக்கும் அலமாரியிலும் கிடைக்கும்.

மிதிவண்டி பழுதுபார்ப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலி தேய்ந்து நீண்டபின்னும் மாற்றாமல் ஓட்டுவார்கள். தேய்ந்த சங்கிலி பல்சக்கரங்களையும் சேர்த்து அரித்துவிடும். கடைசியில் சங்கிலி ஒன்றை மாற்றிச் செய்யவேண்டிய வேலை, மொத்தத் தொகுதியையும் மாற்றும் வேலையாக முடியும். அவர் வாரம் நான்கு தடவை இதைப் பார்ப்பார். ஆனால் எந்த வாடிக்கையாளரும், "என் சங்கிலியின் நீளத்தை எப்போது அளக்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு வரமாட்டார்.

இந்த மனிதரை எழுதச் சொன்னால் ஓடிவிடுவார். பேசச் சொல்லுங்கள். கைபேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாதம் அடிக்கடி வந்த பழுது எது? அதில் எது வீட்டிலேயே தடுத்திருக்கக் கூடியது? எதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வருகிறது? மூன்றாவது கேள்விதான் சுரங்கம். கோபத்தில் மனிதர்கள் நுணுக்கமாகப் பேசுவார்கள். பத்து நிமிட ஒலிப்பதிவிலிருந்து இரண்டு கட்டுரைகளுக்குக் குறையாமல் தேறும். அவருடைய சொற்களை முடிந்தவரை மாற்றாமல் வைத்தால் கட்டுரைக்கு ஆள் வாசனையும் வரும்.

ஒரு எச்சரிக்கை. பழுதான பொருளின் படத்தைப் போடும்போது அது யாருடையது என்று அடையாளம் தெரியக் கூடாது. பெயர், முகவரிச் சீட்டு, வண்டி எண் எதுவும் வேண்டாம். வாடிக்கையாளரின் கதையையே சொல்வதானால் அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது தேடல்பெட்டியைத் திறக்கலாம்

பலரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் இதை ஐந்தாவதாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் தன்னிடம் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதுவரை யாருமே தேடாதவை என்று கூகுள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. முன்பு தேடப்பட்டவற்றைக் கணக்கெடுக்கும் எந்தக் கருவியிலும் இவை அகப்படா. உங்கள் நோட்டில் அகப்படலாம். தவிர, கருவி காட்டும் பட்டியல் உங்கள் போட்டியாளருக்கும் அப்படியே காட்டப்படும். அதனால் கருவிகளை விஷயம் தேடப் பயன்படுத்தாதீர்கள். நோட்டில் இருப்பதைச் சோதிக்கவும், விட்டுப்போனதைச் சேர்க்கவும் பயன்படுத்துங்கள்.

நோட்டில் உள்ள கேள்வியின் முதல் இரண்டு மூன்று சொற்களைத் தேடல்பெட்டியில் தட்டி, எண்டர் விசையை அழுத்தாமல் நிறுத்துங்கள். கீழே விரியும் வரிகளைப் பாருங்கள். மற்றவர்கள் அந்தச் சொற்களை எப்படி முடிக்கிறார்கள் என்பது தெரியும். தேடியபின் முடிவுகளுக்கு நடுவே ஒரு கேள்விப்பெட்டி வந்தால், அதில் ஒரு கேள்வியைத் திறந்து பாருங்கள். கீழே மேலும் சில கேள்விகள் முளைக்கும். உங்கள் தொழிலுக்குப் பொருந்துவதை மட்டும் நோட்டில் வேறு நிற மையில் எழுதுங்கள். எது நேரில் கேட்டது, எது திரையில் கண்டது என்று பின்னால் தெரிய வேண்டும்.

தளம் தொடங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டால் கூகுள் சர்ச் கன்சோல் இன்னும் நல்ல துணை. இலவசம்தான். தளம் உங்களுடையது என்று உறுதிப்படுத்திய பிறகு, என்ன சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தீர்கள் என்று 16 மாதங்கள் வரையிலான விவரத்தைக் காட்டும். அதில் நீங்கள் பார்க்கவேண்டியது ஒன்றுதான். நிறையத் தடவை காட்டப்பட்டும் யாரும் சொடுக்காத தேடல் எது? பெரும்பாலும் உங்கள் கட்டுரை அந்தக் கேள்வியை உரசிச் சென்றிருக்கும், பதில் சொல்லியிருக்காது. அந்தக் கேள்விக்கென்று தனியாக எழுதுங்கள். 'எப்படி', 'ஏன்', 'எவ்வளவு' என்ற சொற்களை வைத்து வடிகட்டினால் பட்டியல் கைக்கடக்கமாகிவிடும்.

ஒரு சொல்லைத் தேடும் ஆர்வம் காலப்போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் என்ற கருவி பற்றி ஒரு வரி. அது காட்டும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை ஒப்பிடும் அளவு. ஒரு பொருளுக்கு மக்கள் எந்தப் பெயரை அதிகம் பயன்படுத்துகிறார்கள், ஆண்டின் எந்த மாதத்தில் தேடல் ஏறுகிறது என்ற இரண்டுக்கும் அது போதும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் "என் தொழிலுக்கு இருபது தலைப்புகள் கொடு" என்று கேட்டால் கொடுக்கும். எல்லோருக்கும் கொடுக்கும் அதே இருபதை. அதற்குப் பதில், நோட்டிலிருந்து ஒரு கேள்வியையும் நீங்கள் சொன்ன பதிலையும் கொடுத்து, "இந்தப் பதிலைக் கேட்ட புதியவருக்கு இன்னும் எது புரியாது?" என்று கேளுங்கள். அப்போது உதவியாக இருக்கும். அது சொல்லும் விவரங்களைச் சரிபார்க்காமல் போட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: சலித்து எடுங்கள்

இவ்வளவும் செய்தபின் உங்களிடம் எழுத முடிந்ததைவிட அதிகமாகவே விஷயம் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளில் போட்டுச் சலிக்கலாம். இதை உண்மையில் யாராவது கேட்டார்களா? இதில் எங்களுக்கு மட்டும் தெரிந்தது, நாங்கள் கையால் செய்து பார்த்தது ஏதாவது இருக்கிறதா? படித்து முடித்தவர் அடுத்து ஏதாவது செய்ய முடியுமா? மூன்றில் இரண்டுக்கு 'ஆம்' என்றால் எழுதுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்குக் கூகுள் தரும் வழிகாட்டுதலில் 2022 டிசம்பரில் நேரடி அனுபவம் என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்கள். அது இல்லாவிட்டாலும் வாசகருக்கே தெரிந்துவிடும், எழுதியவர் அந்தப் பொருளைத் தொட்டவரா இல்லையா என்று.

எழுத உட்காரும் முன், இதே விஷயத்தை ஏற்கனவே எழுதிவிட்டோமா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் புதிதாக ஒன்று வேண்டாம். பழையதைத் திறந்து, அதற்குப் பின் வந்த கேள்விகளைச் சேர்த்து, காலாவதியானதை வெட்டி, தேதியை மாற்றுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு கட்டுரைகள் இருந்தால் எது உங்கள் பதில் என்று தேடுபொறிக்கும் குழப்பம், படிப்பவருக்கும் குழப்பம்.

பருவம் சார்ந்த விஷயங்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதைப் பற்றிய கட்டுரை மழை தொடங்கிய பின் வந்தால், படிப்பவர் கையில் வாளியோடு நிற்பார். ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே தளத்தில் இருக்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒன்று? இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பது தனியாளாகத் தொழில் நடத்துகிறவருக்குத் தாங்கக்கூடிய வேகம். முதல் மாதம் பதினைந்து போட்டுவிட்டு மூச்சு வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நோட்டு வறண்டுவிட்டால்

சில மாதங்களில் அதே பழைய கேள்விகளே திரும்பத் திரும்ப வரும், கோடுகள்தான் கூடும். அப்போது ஆறு மாதத்துக்கு முன் உங்களிடம் வாங்கிய மூன்று பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். எதையும் விற்காதீர்கள். "வாங்குவதற்கு முன் எதைத் தெரிந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதலில், "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். இன்னும் சற்று அமைதியாக இருங்கள். "ஒன்றே ஒன்று..." என்று ஆரம்பிப்பார்கள். நோட்டைத் திறந்து, அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.